அயோவாவில் பத்தாவது ஆட்டம்

நவம்பர் 12, புதன். காலேஜ்வில், மினசோட்டா

தங்கச்சி மகன் அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். அங்கே ஃபுட்பால் அணியில் (நம் கால்பந்து அல்ல, கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம்) கிக்கர், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பதற்கென்றே இருப்பவன். ஒன்பது ஆட்டம் முடிந்திருக்கிறது. இரண்டில் ஜெயம், ஏழில் தோல்வி. பத்தாவதும் கடைசியுமான ஆட்டம் இந்தச் சனிக்கிழமை. "மதுரைலேருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பாக்காமப் போனீங்கன்னா அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்ணே" என்றாள் தங்கச்சி. கல்லூரிப் பெயர், ஊர்ப் பெயர், தன் பெயர் மூன்றையும் எழுதக்கூடாது என்று பையன் போனிலேயே சத்தியம் வாங்கிவிட்டான். ஆகவே அவன் இங்கே மருமகன், கல்லூரி வெறும் கல்லூரி.

அயோவாவுக்கு நாளைக்குத்தான் கிளம்புகிறோம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வயது எண்பதை நெருங்குகிறது. "சின்னக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் முதலில் என் கல்லூரியைப் பாருங்கள்" என்று காலையிலேயே காரோடு வாசலில் வந்து நின்றார். தங்கச்சி வீடு இருக்கும் மேப்பிள் க்ரோவிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஏரி, பைன் மரம், மறுபடி ஏரி. காலேஜ்வில் என்பது ஊரே இல்லை. பெனடிக்டைன் துறவிகளின் மடமும் அவர்கள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியும்தான். வாசலிலேயே மார்செல் புரூயர் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்த தேவாலயம், 1961இல் முடிந்தது. முகப்பில் 112 அடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் பலகை நிற்கிறது, அதன் நடுவே மணிகள் தொங்குகின்றன. பெரியவர் அதையெல்லாம் ஒரு பார்வை பார்க்க விட்டுவிட்டு நேராக மைதானத்துக்கு இழுத்துப்போனார்.

கிண்ணம் போன்ற பள்ளம், சுற்றிலும் பைன். ஆள் நடமாட்டமில்லை. இங்கேதான் ஜான் கலியார்டி 1953லிருந்து 2012வரை பயிற்சி கொடுத்தார். மொத்தம் 489 வெற்றி. பெரிய பல்கலைக்கழகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அதற்கு மேல் யாரும் ஜெயித்ததில்லை. 1963, 1965, 1976, 2003 என்று நான்கு தேசியப் பட்டங்கள். பதினாறு வயதில், தன் பள்ளிப் பயிற்சியாளரை இரண்டாம் உலகப்போருக்கு அழைத்துக்கொண்டதால் அவர் இடத்தில் நின்று தொடங்கியவர்.

ஆனால் பெரியவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னது வெற்றிக் கணக்கை அல்ல, அந்த மனிதர் எதையெல்லாம் செய்யமாட்டார் என்பதை. விசில் கிடையாது. பயிற்சியில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவது கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக்கூடாது, ஜான் என்றே கூப்பிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை. கொசு அதிகமாக இருந்தால் உள்ளே போய்விடலாம். உடற்பயிற்சி வரிசையில் ஒன்று, எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து 'என்ன அருமையான நாள்' என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது. பெரியவர் பெஞ்சில் சாய்ந்து அதைச் செய்தே காட்டினார். வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது, மூக்கு உறைந்துகொண்டிருந்தது.

"நீங்கள் நன்றாக ஆடுவீர்களா?" என்றேன்.

"அணியில் இருந்தேன்" என்றார். ஆடினேன் என்று அவர் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு கறுத்த, கனமான ரொட்டி வாங்கித் தந்தார். துறவிகளின் பழைய செய்முறையாம், கடித்தால் தாடைக்கு வேலை. வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகும் போகிறேன் போகிறேன் என்று காரின் கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு அரைமணி பேசினார். மினசோட்டாக்காரர்கள் விடைபெறுவது இப்படித்தான் என்கிறாள் தங்கச்சி. இவர்கள் நம் பக்கத்தில் பிறந்திருக்க வேண்டியவர்கள்.

நவம்பர் 13, வியாழன். நார்த்ஃபீல்ட் வழியாக

தங்கச்சி ஓட்ட, நான் பக்கத்தில். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக சிங்கப்பூர் போயிருக்கிறார். பின்சீட்டில் இரண்டு பெரிய அலுமினியத் தட்டுகளில் மசாலா தடவிய கோழி, ஐஸ் பெட்டிக்குள். ஏன் என்று கேட்டதற்கு "சனிக்கிழமை தெரியும்" என்றாள்.

மினியாபொலிஸுக்குத் தெற்கே முக்கால் மணியில் நார்த்ஃபீல்ட். இருபதாயிரம் பேர் வாழும் ஊர், நடுவே கேனன் ஆறு. ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு கல்லூரி, அந்தப் பக்கம் ஒரு கல்லூரி: கார்ல்டன், செயின்ட் ஓலஃப். ஊருக்குள் நுழையும்போதே வேகவைத்த கோதுமையும் சர்க்கரையுமாக ஒரு வாசனை. காலை உணவுத் தானியம் செய்யும் ஆலை இங்கே இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் மோதும் ஆட்டத்துக்கே 'சீரியல் பௌல்', அதாவது தானியக் கிண்ணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர்களுக்கு ஒரு மர ஆடு.

1977இல் இதே இரண்டு அணிகளும் மீட்டர் கணக்கில் ஓர் ஆட்டம் ஆடியிருக்கின்றன. அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலம். கார்ல்டனின் வேதியியல் பேராசிரியர் ஒருவரின் யோசனை. நூறு கெஜ மைதானத்தை நூறு மீட்டராக நீட்டி, அகலத்தை ஐம்பது மீட்டராக்கி, ஆட்டக்காரர்களின் எடையைக் கிலோவில் அச்சடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் பத்தாயிரம் பேர் கூடினார்கள். செயின்ட் ஓலஃப் 43, கார்ல்டன் 0. யோசனை சொன்ன கல்லூரிக்குக் கிடைத்த மரியாதை அது. நாடு கெஜத்திலேயே நின்றுவிட்டது.

எனக்கு இந்த ஊரில் பார்க்க வேண்டியது வேறொன்று. 1876 செப்டம்பர் 7ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் கும்பல் கொள்ளையடிக்க வந்த வங்கிக் கட்டிடம். இப்போது அருங்காட்சியகம். ஜோசஃப் லீ ஹேவுட் என்ற ஊழியர் பெட்டகத்தைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுட்டுவிட்டார்கள். தெருவில் ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு திரண்டு கும்பலில் இருவரைச் சாய்த்தார்கள். எல்லாம் ஏழு நிமிடத்துக்குள். நான் முப்பது வருஷத்துக்கும் மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். பெட்டகச் சாவி இடுப்பில் இருந்த நாட்களில் என்னிடம் யாராவது துப்பாக்கியை நீட்டியிருந்தால் சாவியோடு பேனாவையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். "தெரியும்ணே" என்றாள்.

மதியம் காட்டரிசி சூப், ஒன்பது டாலர். காட்டரிசி என்பது இந்த ஊர் ஏரிகளில் விளையும் ஒரு புல்லின் விதை, கறுப்பாக நீளமாக இருக்கிறது. பாலேடு போட்டுக் கெட்டியாக்கியிருந்தார்கள். குளிருக்கு இதமாகத்தான் இருந்தது. உப்பும் மிளகும் நானே பார்த்துக்கொண்டேன்.

பிறகு தெற்கே 35ஆம் நெடுஞ்சாலை. மாநில எல்லை தாண்டியதும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிடித்து அடிவானம்வரை இழுத்துவிட்டதுபோல இருந்தது. அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அறுவடை முடிந்த சோளக்காடுகளில் தட்டை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

மோட்டல் வாடகை 79 டாலர். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டர் பதினோரு மணிவரை லாரி எஞ்சின் மாதிரி உறுமிவிட்டு அதோடு நின்றுபோனது. கவுண்டரில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டு நான்கு கம்பளி கொடுத்தாள். வேறு அறை இல்லை. ஊர் முழுக்க ஆட்டம் பார்க்க வந்த அப்பா அம்மாக்களாம். கோட்டு, மப்ளர், இரண்டு சாக்ஸோடு படுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி. கல்லூரி

காலை உணவு பெட்ரோல் பங்கில். அயோவாவில் கேசீஸ் என்ற பங்குக் கடையில்தான் ஊரே பீட்சா வாங்குகிறது. காலைக்கென்று தனி பீட்சா உண்டு: தக்காளிக்குப் பதில் சீஸ் குழம்பு, மேலே பொரித்த முட்டையும் பன்றி இறைச்சியும். ஒரு துண்டு நான்கு டாலருக்குள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டாவது துண்டும் வாங்கினேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தாத்தா என் பல் தந்தியடிப்பதைப் பார்த்துவிட்டு, "முதலில் காபி ஊற்றிக்கொள்ளுங்கள், காசு பிறகு" என்று வழிவிட்டார். இங்கே கிராமச் சாலையில் எதிரே வரும் எந்த வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் வைக்கிறார். தங்கச்சியும் பழகிக்கொண்டாள். நானும் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு விரல் தூக்கிப் பார்த்தேன்.

மருமகன் பத்து மணிக்கு வந்து கட்டிப்பிடித்தான். "மாமா, இந்தக் குளிருக்கு மங்கி குல்லாவா?" என்று சிரித்தான். அது மதுரையில் மார்கழிக்கு வாங்கியது, இங்கே காது மடலோடு சரி.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் என்பதால் பயிற்சி இலேசாகத்தான் இருந்தது. கவசம் இல்லாமல் நடந்து நடந்து திட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள். மருமகன் மைதானத்தின் ஒரு மூலையில் இரண்டு பேரோடு தனியே. ஒருவன் குனிந்து காலிடுக்கில் பந்தைப் பின்னால் எறிகிறான். ஏழு கெஜம் தள்ளி முட்டி போட்டிருப்பவன் பிடித்து, தையல் கோல் பக்கம் பார்க்கும்படி திருப்பி, நுனியில் ஒற்றை விரலை வைத்து நிறுத்துகிறான். இவன் இரண்டு எட்டு வைத்து உதைக்கிறான். எறிவதிலிருந்து உதைவரை ஒன்றேகால் வினாடி, ஒன்றரைக்கு மேல் போனால் எதிரி கை வந்துவிடும். அந்தப் பிடிப்பவன் விரலைப் பார்த்தேன். நகம் நீலமாக இருந்தது. "நாலு வருஷத்துல ரெண்டு தடவை அவன் விரலை ஒதைச்சிருக்கேன் மாமா. இன்னிவரைக்கும் அவன் விரலை எடுத்ததில்லை" என்றான் மருமகன்.

பையன் பள்ளியில் சாதாரணக் கால்பந்து ஆடியவன். அங்கே ஃபுட்பால் கோச் இவன் கார்னர் அடிப்பதைப் பார்த்து இந்தப் பக்கம் இழுத்துப்போட்டார். அப்படி வந்த கிக்கர்கள் நாடு முழுக்க உண்டு.

மதியம் கேன்டீனில் உட்கார்ந்து காகித நாப்கினில் ஒரு கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். இது கல்லூரி விளையாட்டில் மூன்றாம் டிவிஷன். 1973இல் இந்தப் பிரிவை உண்டாக்கினார்கள். இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக்கூடாது என்பது சட்டம். படிப்புக்கும் வீட்டு நிலைமைக்கும் மட்டும் கொடுக்கலாம். டிவியில் லட்சம் பேர் கூடும் மைதானங்களில் ஆடுகிறார்களே, அந்த உலகம் வேறு. இந்தக் கல்லூரியில் ஆயிரத்து இருநூறு மாணவர்கள். ஃபுட்பால் அணியில் மட்டும் நூற்றைந்து பேர். களத்தில் ஒரு நேரத்தில் நிற்பது பதினொருவர். மீதிப் பேர் எதற்கு? வருஷக் கட்டணம் அச்சில் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். தள்ளுபடி போகப் பாதியாவது கட்டுகிறார்கள். நூறு பேர் என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து லட்சம் டாலருக்குக் குறையாது. ஃபுட்பால் இல்லாவிட்டால் இந்தப் பையன்களில் பாதிப் பேர் இந்தச் சோளக்காட்டுக்கு வந்திருக்கமாட்டார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ஒரு கல்லூரி ஏன் கட்டி இழுக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு நாப்கினிலேயே பதில் கிடைத்துவிட்டது. தங்கச்சியிடம் காட்டினேன். "அதை மடிச்சு உள்ள வைங்கண்ணே, நாளைக்கு முடியட்டும்" என்றாள்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அயோவாவிலேயே உதாரணம் இருக்கிறது. கிரின்னல் கல்லூரியில் 2019இல் மூன்று ஆட்டம் முடிந்தபோது காயமில்லாமல் 28 பேர்தான் மிஞ்சினார்கள். மேற்கொண்டு ஆடுவது ஆபத்து என்று ஆட்டக்காரர்களே சொல்ல, மிச்ச சீசன் ரத்தானது.

இரவு ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் பெற்றோர்கள் சமைத்த விருந்து. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, அதன் பக்கத்திலேயே சர்க்கரைப் பாகு வழியும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட வேண்டுமாம். ரொட்டியைக் குழம்பில் தோய்க்கிறார்கள்! பள்ளிக்கூட மதிய உணவில் பழகிய ருசி என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். எனக்கு மாட்டிறைச்சி பழக்கமில்லை என்று தங்கச்சி மெதுவாகச் சொன்னதும், யாரோ எழுந்துபோய் கோழி போட்ட ஒரு சின்னப் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். யாரும் அதைப் பற்றி மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் கடைசி இனிப்பை ஒருவரும் எடுக்கவில்லை. ஒருவர் பாதி வெட்டி எடுத்தார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. நாங்கள் கிளம்பும்போது தட்டில் விரல்நக அளவில் ஒரு துண்டு மிச்சமிருந்தது.

எதிரே உட்கார்ந்தவர் ஒரு விவசாயி. அறுநூறு ஏக்கர், சோளமும் சோயாவும். ஆட்டம் பார்க்கப் போகும் சனிக்கிழமைகளுக்காக வெள்ளி இரவுகளில் விடிய விடிய அறுவடை இயந்திரம் ஓட்டியிருக்கிறார். மகன் முன்வரிசையில் 65ஆம் எண். நூற்று முப்பது கிலோ. "நீங்கள் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள் இல்லையா?" என்றார்.

"ஐம்பது வயதுவரை. ஞாயிறானால் வங்கி அணி."

"பார்த்தீர்களா! கூடைப்பந்தும் அப்படித்தான், கோல்ஃபும் அப்படித்தான். இதை மட்டும் அப்படி ஆட முடியாது. கவசம் வேண்டும், இருபத்திரண்டு பேர் வேண்டும், ஓரமாக ஆம்புலன்ஸ் வேண்டும். நாளை சாயங்காலம் நான்கு மணிக்கு என் பையன் கடைசித் தடவையாக ஒருத்தனை முட்டுவான். அப்புறம் சாகும்வரை கிடையாது."

சொல்லிவிட்டு ரொட்டியைத் தோய்த்துத் தின்றார். அவருக்கு இது புதிய செய்தி அல்ல. எனக்கு அதன் பிறகு குழம்பு இறங்கவில்லை.

நவம்பர் 15, சனி. ஆட்டம்

விடியும்போது ஒரு டிகிரி. தூறலும் வடமேற்குக் காற்றும். ஆட்டம் ஒரு மணிக்கு. பத்து மணிக்கே வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்புகள் மூட்டியாகிவிட்டது. பெற்றோர்களின் கூடாரத்தைக் காற்று இரண்டு முறை புரட்டியது. கடைசியில் நான்கு அப்பாக்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றக் கையில் பர்கர். ஒருவருக்கு மூக்கு அரித்தால் பக்கத்துக் காலுக்காரர் குரல் கொடுத்து ஆள் கூப்பிடுவார்.

தங்கச்சியின் தட்டுகளின் ரகசியம் அப்போதுதான் தெரிந்தது. வாணலியில் எண்ணெய் காயவைத்துச் சுடச்சுட சிக்கன் 65. நாலு வருஷமாக ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் செய்கிறாளாம். விவசாயி மகன் 65ஆம் எண் சட்டைக்காரன் அல்லவா, இந்தப் பதார்த்தம் தன் பெயரில்தான் செய்யப்படுகிறது என்று முதல் வருஷத்திலிருந்தே நம்பி வருகிறான். யாரும் திருத்தவில்லை. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்கள் தொடக்கூடாது என்பதால் அவன் பங்கு ஒரு டப்பாவில் தனியாக, மேலே பேனாவால் 65 என்று எழுதி.

நுழைவுச்சீட்டு பத்து டாலர், மூத்த குடிமக்களுக்கு ஐந்து. வயதைக் கேட்காமலே ஐந்து வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் அறுநூறு பேர் இருக்கலாம். உட்காரும் அலுமினியப் பலகை பனிக்கட்டி. பின்வரிசையிலிருந்து முகம் தெரியாத ஒரு பாட்டி ஒரு மெத்தையை நீட்டினார், "என் வீட்டுக்காரருடையது, அவருக்குப் பொறுக்கும்" என்று. வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

ஆட்டத்துக்கு முன் கடைசி வருஷப் பையன்களை ஒவ்வொருவராக அழைத்து, பெற்றோரோடு மைதான நடுவே நடத்துகிறார்கள். மாப்பிள்ளை இல்லாததால் தாய்மாமன் நான். ஒலிபெருக்கிக்காரர் அரைமணி முன்பே எங்களைத் தேடி வந்து மருமகனின் முழுப் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டார். அப்பா பெயர் ஐந்து அசை. ஒரு அட்டையில் தனக்குப் புரிகிறபடி எழுதி, மூன்று முறை சொல்லிப் பார்த்து, தங்கச்சி சரி என்ற பிறகுதான் போனார். மைக்கில் சொல்லும்போது நடுவில் வரும் ழகரத்தில் மட்டும் தடுமாறினார். அதில் நம் ஊரிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். தங்கச்சிக்கு ஒரு பூ கொடுத்தார்கள். எனக்குக் கைகுலுக்கல். ஷோல்டர் பேடோடு மருமகனைக் கட்டிக்கொள்ள எனக்குக் கை எட்டவில்லை.

ஆட்டத்தை அடி அடியாக எழுதப்போவதில்லை. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் போனால் பந்து உங்களிடமே இருக்கும், இல்லையென்றால் எதிரிக்கு. அந்தப் பத்து கெஜம்தான் எங்கள் ஆட்களுக்கு மதியம் முழுக்க எட்டாமல் இருந்தது. முதல் கால்பகுதியிலேயே 0க்கு 14. பின்னால் இருந்த பாட்டி ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை கண்ணுகளா, அடுத்தது" என்றார். ஒருமுறைகூட குரல் மாறவில்லை.

இரண்டாம் பகுதியில் எதிரி எல்லைக்கு 21 கெஜம் இருக்கும்போது நின்றுவிட்டார்கள். மருமகனை அனுப்பினார்கள். கோல் கம்பம் எல்லைக்கும் பத்து கெஜம் பின்னால், பந்தை நிறுத்தி உதைப்பது ஆட்டம் நின்ற இடத்துக்கு ஏழு கெஜம் பின்னால். ஆக 38 கெஜ உதை. காற்று இடமிருந்து வலம். எதிரணி கோச் கடைசி நொடியில் டைம் அவுட் கேட்டார். உதைப்பவனை நிற்கவைத்துக் குளிரவிடும் தந்திரம். தங்கச்சி என் முழங்கையைப் பிடித்தாள், விடவேயில்லை. அவன் கம்பத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிடிப்பவனிடம் ஏதோ பேசிச் சிரித்தான். பிறகு உதைத்தான். பந்து இடது கம்பத்துக்கும் வெளியே கிளம்பி, காற்று தள்ள உள்ளே வந்து, குறுக்குக் கம்பிக்கு ஒரு முழம் மேலே போனது. மூன்று புள்ளி. அறுநூறு பேர் போட்ட சத்தத்தில் என் மங்கி குல்லா கழன்றது எப்போதென்று தெரியவில்லை. என்ன பேசினாய் என்று பிறகு கேட்டேன். "65 தீர்ந்துடுமோன்னு கேட்டான் மாமா."

மூன்றாம் பகுதியில் பந்தை எதிரி எல்லைக்குள்ளேயே கொண்டுபோய் ஒரு டச்டவுன் அடித்தார்கள், ஆறு புள்ளி. கூட ஒரு புள்ளிக்கான சின்ன உதையை மருமகன் கம்பத்தில் அடித்துத் தவறவிட்டான். கடைசியில் இன்னொரு டச்டவுன், அதற்கான உதை சரியாகப் போனது. முடிவு 16க்கு 34. இரண்டு ஜெயம், எட்டு தோல்வியோடு சீசன் முடிந்தது.

இடைவேளையில் சாப்பிட்டதைச் சொல்லவேண்டும்: சோளச் சிப்ஸ் பாக்கெட்டையே பக்கவாட்டில் கிழித்து, அதற்குள் கறியும் சீஸும் தக்காளியும் கொட்டி, ஒரு ஸ்பூனைச் செருகித் தருகிறார்கள். ஐந்து டாலர். எனக்குக் கோழி. தட்டும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்; கையுறைக்குள் சூடாகப் பிடித்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு.

ஆட்டம் முடிந்து இரு அணியும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எதிரணி பஸ்ஸேறிவிட்டது. கடைசி வருஷப் பையன்கள் மட்டும் களத்தை விட்டு நகரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள், மறுபடி போடுகிறார்கள். இருவர் எதிரெதிரே நின்று இலேசாக முட்டிப் பார்த்தார்கள். 65 எல்லைக்கோட்டில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் புல்லை அளைந்துகொண்டிருந்தான். ஒரு கோச் உள்ளே போங்கள் என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் தானும் நின்றுகொண்டார். விளக்கு போட்டார்கள். அரைமணி ஆனது, முக்கால் மணி ஆனது. பர்கர் ஆறிப்போய்க் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. பெற்றோர்கள் கம்பி வேலிக்கு வெளியே கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு காத்திருந்தோம். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. விவசாயியைத் தேடினேன். வேலிக்கு முதுகைக் காட்டி நின்று, யாருடனோ சோள விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

நாப்கின் கணக்கு இன்னும் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது. கணக்கு சரிதான். அதில் இதற்கு வரவு வைக்க இடமில்லை.

நவம்பர் 16, ஞாயிறு. திரும்பும் வழி

இரவு ஹீட்டர் வேலை செய்தது.

காலையில் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு. ஜிம்முக்குக் கீழே ஒரு சின்ன அறை, பாதிக் கதவு, உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் கையில் ரெஜிஸ்டரோடு. ஹெல்மெட், தோள் கவசம், கால்சட்டை இரண்டு, சட்டை இரண்டு, எல்லாம் கல்லூரியின் சொத்து. வரிசையில் பையன்கள் தூக்கக் கலக்கத்தில். ஒவ்வொன்றாக வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, டிக் போட்டு, கையெழுத்து வாங்கினார். நல்ல ரெஜிஸ்டர், அடித்தல் திருத்தல் இல்லை. என் கண் தானாக அங்கேதான் போனது.

மருமகன் கணக்கில் ஒரு வெள்ளைச் சட்டை குறைந்தது. பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தான். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை ரொம்ப ஈடுபாட்டோடு படித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசாமல் காருக்குப் போய், டிக்கியிலிருந்து எடுத்துவந்து, மடித்த மடிப்புக் கலையாமல் பாதிக் கதவின் மேல் வைத்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"எண்பத்தைந்து டாலர்" என்றார் அவர். கொத்தமல்லிக் கட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவள், கார்டை எடுத்துவிட்டாள். அவர் கார்டை வாங்கவில்லை. சட்டையை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "கைப்பக்கம் கிழிந்திருக்கிறது. அடுத்த வருஷம் யாருக்கும் கொடுக்க முடியாது" என்றார். ரெஜிஸ்டரில் அந்தக் கட்டத்தில் 'சேதம், கழிக்கப்பட்டது' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, சட்டையை அவள் பக்கம் தள்ளினார். முப்பது வருஷம் கிழிந்த நோட்டைப் பார்த்த கண் எனக்கு. அந்தச் சட்டையில் கிழிசல் எதுவும் இல்லை.

மருமகனுக்குத் திங்கள் காலை எட்டு மணிக்கு வேதியியல் லேப், அவன் அங்கேயே தங்கிவிட்டான். வழியனுப்ப வந்தவன் கையில் மிச்சமிருந்த கோழியைக் கொடுத்தாள். 65 மொட்டைத் தலையோடு ஓடிவந்து டப்பாவைப் பறித்துக்கொண்டு போனான். நாங்கள் வடக்கே திரும்பினோம். ஓவாட்டனா தாண்டியதும் மழை பனியாக மாறியது, முன்னால் போன லாரி இருபது மைலில் ஊர்ந்தது. மூன்றரை மணி நேர வழி ஐந்தரை ஆனது. வீட்டு வாசலில் இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் பனி தள்ளும் மண்வெட்டியோடு எங்கள் வாசலைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தார். "எத்தனைக்கு எத்தனை?" என்றார். சொன்னேன். "பையன் உதைத்தது?" என்றார். 38 கெஜம் என்றேன், காற்றையும் சேர்த்துச் சொன்னேன். மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.